பத்தில் மூன்று முறை

அண்ணன் உட்கார்ந்து தைத்தால் நூல் அறுவதில்லை. தங்கை உட்கார்ந்து தைத்தால் அறுகிறது. அதே மெஷின், அதே ஊசி, அதே நூல், அதே தோல்.

ஒவ்வொரு முறையும் அறுந்திருந்தால் அண்ணனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் தையல் மெஷின் மெக்கானிக். எந்நேரமும் இருக்கிற கோளாறு ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கும், போய்ப் பிடித்துவிடலாம். வந்து வந்து போகிற கோளாறுதான் ஆளைக் கொல்லும். இது அந்த ரகம். அவள் பத்து முறை தையலைத் தொடங்கினால் ஏழு முறை மெஷின் தண்ணீர் மாதிரி ஓடியது. மூன்று முறை, முதல் தையல் விழும்போதே, டப். ஓட ஆரம்பித்த பிறகு ஒரு தடவைகூட அறவில்லை. தொடக்கத்தில் மட்டும்தான்.

"இன்னிக்கு எத்தனை, மெக்கானிக் சார்?" என்று தங்கை கேட்டாள். அறுந்த நூலை இடது கையால் உருவி அவன் முன்னால் மேசைமேல் போட்டாள். அங்கே ஏற்கெனவே ஒரு சின்னக் குவியல் இருந்தது.

கூடப் பிறந்த அண்ணனை அவள் மூன்று வருடமாக 'மெக்கானிக் சார்' என்றுதான் கூப்பிடுகிறாள். 'வாங்க, உட்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா' என்று அவ்வளவு மரியாதை. சிறுவயதில் 'டேய் அண்ணா' என்று முதுகில் ஏறியவள். அந்த மரியாதை ஒவ்வொன்றும் அவன் கன்னத்தில் விழுந்தது.

"எட்டு" என்றான் அவன்.

"ஒம்போது. நீங்க கழிப்பறைக்குப் போயிருந்தப்ப ஒண்ணு அறுந்துச்சு. கணக்குல சேத்துக்கங்க."

புதன்கிழமை. கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. இந்த மெஷின் அவளுக்கு அவன் கொடுக்கும் கல்யாணப் பரிசு. அதை அவள் வாங்கிக்கொள்வதாக இன்னும் சொல்லவில்லை. ஒரு நிபந்தனைதான் வைத்திருந்தாள், அதையும் அவனிடம் நேராகச் சொல்லாமல் அம்மாவிடம் சொல்லி அனுப்பினாள்: "சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் தச்சுப் பாக்குறேன். நூல் அறுக்காம ஓடினா மெஷின் என்கூட வரும். அறுத்தா மெஷினும் இங்கேயே, அதைக் கொடுத்தவரும் இங்கேயே. கல்யாணத்துக்கு வர வேண்டாம்."

அம்மா வீட்டு முன்னறையில் ஜன்னலோரம் மெஷின் நின்றது. அதற்குப் பக்கத்தில் அத்தை கொண்டுவந்த பீங்கான் செட், பெட்டி பிரிக்கப்படாமல் ஸ்டூல் உயரத்துக்கு நின்றது. அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, கல்யாண வேலைக்கு என்று போன வாரமே வந்து சோபாவைப் பிடித்துக்கொண்டவள்.

"நான் அப்பவே சொன்னேன்" என்றாள் அத்தை. "பரிசுன்னா பாக்குறவங்க கண்ணு விரியணும். இந்தப் பெட்டியில அறுபது உருப்படி இருக்கு. சபையில வெச்சா ஒரு மேசை நிறையும். இவன் என்னடான்னா பழைய இரும்பைத் தூக்கிட்டு வந்து நிக்கிறான்."

"நாங்க இருக்கப்போறது ரெண்டு பேரு அத்தை. அறுபது தட்டை யார் கழுவறது?" என்றாள் தங்கை.

"விருந்தாளி வந்தா?"

"வர்றவங்க தட்டோட வரட்டும்."

"இதுக்குத்தான்டி உனக்கு ஊசின்னு பேரு வெச்சோம்."

ஊசி என்பது வீட்டில் அவளுடைய செல்லப் பெயர். ஒல்லியாக இருந்ததால் வைத்தது. பிறகு வாயாலும் பொருந்திவிட்டது.

மெக்கானிக் இதெல்லாம் காதில் வாங்காமல் குனிந்திருந்தான். பரிசு விஷயத்தில் தான் மற்றவர்களைப் போல் இல்லை என்பது அவனுடைய எண்ணம். நாலு மாதத்துக்கு முன் கல்யாணம் முடிவானபோது, அவன் கடைத்தெருவைச் சுற்றவில்லை. அவள் என்ன வேலை செய்யப்போகிறாள் என்றுதான் யோசித்தான். மாப்பிள்ளை தோல் வெட்டுகிறவன். இருவரும் சேர்ந்து வீட்டிலேயே தோல்பை தைப்பதாகத் திட்டம். அப்படியானால் தோல் தைக்கும் மெஷின். அதுவும் மோட்டார் மெஷின் அல்ல, காலால் மிதிக்கும் மெஷின். காரணம் இருக்கிறது. துணியில் தையல் தப்பினால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம். இழைகள் நகர்ந்து ஓட்டையை மூடிக்கொள்ளும். தோலில் ஊசி இறங்கிய இடம் இறங்கியதுதான். அந்த ஓட்டை சாகும்வரை அங்கேயே இருக்கும். அதனால் தோல் தைப்பவருக்கு வேகம் வேண்டாம், நிதானம் வேண்டும். மிதிமெஷினில் ஒற்றைத் தையல் போட்டுவிட்டு நிற்க முடியும்.

பழைய இரும்பு மெஷின் ஒன்றைத் தேடிப் பிடித்து, திருகு திருகாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, தேய்ந்த பாகங்களைத் தானே கடைந்து மாற்றினான். ஓட்டிப் பார்த்தான். நூறு முறை தொடங்கி நூறு முறை நிறுத்தினான். ஒரு நூல்கூட அறவில்லை. அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள் என்று தெரியும்.

இப்போது அவன் ஊசியைக் கழற்றி நகத்தில் உரசிப் பார்த்தான். முனை மழுங்கவில்லை. நூல் போகும் துளைகளில் பிசிறு இல்லை. கடைசியில் அடித்தகட்டைத் திறந்து கொக்கியைப் பார்த்தான். தையல் மெஷினின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஊசி மேல்நூலைத் தோலுக்கு அடியில் கொண்டுபோகும். அடிவரை போய்விட்டு ஒரு மயிரிழை மேலே எழும்போது, நூல் ஊசியின் ஒரு பக்கமாகச் சின்ன வளையம்போலப் பிதுங்கும். சரியாக அந்த நொடியில், கீழே சுற்றும் கொக்கியின் முனை அந்த வளையத்துக்குள் நுழைந்து அதை இழுத்துக்கொண்டு, கீழ்நூல் சுற்றியிருக்கும் பாபினைச் சுற்றி வரும். மேல்நூலும் கீழ்நூலும் பின்னிக்கொள்ளும். மேலே இருக்கும் நெம்புகோல் மிச்ச நூலைச் சுண்டி இழுக்கும். ஒரு தையல் முடிந்தது. முனை கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் வளையம் தப்பிவிடும். இங்கே முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை.

"எல்லாம் சரியா இருக்கு" என்றான் நிமிர்ந்து.

"நூலுக்கு அது தெரியல போல" என்றாள் ஊசி.

*

வியாழக்கிழமை வேலை முடிந்து நேராக வந்தான். அவன் வேலை செய்வது பெரிய தையல் ஃபேக்டரி. வரிசைக்கு நாற்பது மெஷின். அவளும் அங்கேதான் எட்டு வருடம் தைத்தாள். இப்போது இல்லை.

அவள் உட்கார்ந்து, இரண்டு தோல் துண்டுகளை ஊசிக்கு அடியில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்து, மிதியை அழுத்தினாள். ஓடியது. நிறுத்தினாள். மறுபடி தொடங்கினாள். ஓடியது. அவன் அவளுக்கு இடதுபுறம் நின்று மெஷினின் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தான். நான்காவது தொடக்கத்தில் டப்.

"எழுந்திரு" என்றான். தான் உட்கார்ந்தான். இருபது முறை தொடங்கினான். இருபதும் ஓடியது.

"பாரு! மெஷின்ல ஒண்ணுமே இல்ல" என்றான், கொஞ்சம் சத்தமாகவே. "நீ தோலை இழுக்குற. இல்லன்னா ஏதோ பண்ற. கோளாறு உன் கையிலதான் இருக்கு."

சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாவின் சத்தம் நின்றது.

"மூணு வருஷத்துக்கு முன்னாடியும் இதையேதான சொன்னீங்க" என்றாள் ஊசி மெதுவாக. "அதே வார்த்தை. அன்னிக்கு எதிர்ல மேனேஜர் உக்காந்திருந்தாரு. இன்னிக்கு அத்தை."

"பழசை இப்ப ஏன்டி கிளறுற?" என்றாள் அத்தை. "பாதுகாப்புக் கவரை நீ கழட்டி வெச்சுட்டு கையை விட்ட. விரல் போச்சு. அதுக்கு இவன் என்ன பண்ணுவான்? பாவம், அவன் உள்ளதைச் சொன்னான்."

ஊசி சிரித்தாள். சிரித்துக்கொண்டே வலது கையைத் தூக்கி அவன் முகத்துக்கு நேராக மெஷின்மேல் வைத்தாள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மடங்காமல், குச்சிகள்போல நீட்டிக்கொண்டிருந்தன. முட்டிகளுக்குக் கீழே தோல் வழவழப்பாக, வேறு நிறத்தில்.

அவன் ஜன்னலைப் பார்த்தான்.

"பாத்தீங்களா அத்தை? நேத்துலருந்து கவனிக்கிறேன். நான் தைக்கும்போது இவர் ஒரு தடவைகூட வலது பக்கம் வந்து நிக்கல. எப்பவும் இடது பக்கம். மெக்கானிக்குக்கு மெஷின்ல பாதிதான் தெரியும்போல." அவள் தோல் துண்டுக் குவியலிலிருந்து நீளமான ஒரு வாரை உருவினாள். "சரி. என் கையிலதான் கோளாறுன்னீங்கல்ல? என் கை மாதிரியே நீங்களும் தைங்க. வலது கையைக் கொடுங்க."

"எதுக்கு?"

"கொடுங்கன்னா."

கொடுத்தான். அவன் மணிக்கட்டை அவள் தோல்வாரால் நாற்காலிக் கையோடு சேர்த்து இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு முனையைப் பல்லில் கடித்து, இடது கையால் இறுக்கி முடிச்சுப் போட்டாள். வலித்தது. வலிக்கட்டும் என்றுதான் போட்டாள்.

"என்னடி இது, திருடனைக் கட்டற மாதிரி!" என்றாள் அத்தை.

"தைக்கச் சொல்லுங்க அத்தை."

அவன் இடது கையால் தோலைப் பிடித்து மிதியை அழுத்தினான். ஓடியது. நிறுத்தி, மறுபடி. ஓடியது. மூன்றாவது முறை அழுத்தும்போது, கட்டியிருந்த வலது கை தானாகத் துள்ளியது. வார் இழுத்துப் பிடித்தது. அவன் அதைக் கவனித்தான். நான்காவது முறையும் துள்ளியது.

ஐந்தாவது முறை. டப்.

அத்தை வாய்விட்டுச் சிரித்தாள். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். மெக்கானிக் சிரிப்பையும் கேட்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. நூலை மறுபடி கோத்துத் தரச் சொன்னான். இந்தமுறை ஊசியைப் பார்க்காமல், வலதுபுறம் இருந்த கைச்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே, காலை மிக மெதுவாக அழுத்தினான். ஒவ்வொரு தொடக்கமாக. எட்டாவதில் அது நடந்தது. தன்னை நோக்கிச் சுற்ற வேண்டிய சக்கரம், அந்தப் பக்கமாக, அவனைவிட்டு விலகிச் சுற்றியது. கால்வாசிச் சுற்றுக்கூட இல்லை. டப்.

"பின்னால போகுது" என்றான் தனக்குத்தானே.

மிதிமெஷினின் விஷயமே இதுதான். மிதியை ஒரு கம்பி கீழே இருக்கும் பெரிய சக்கரத்தோடு இணைக்கிறது. மிதி மேலும் கீழும் ஆட, சக்கரம் சுற்றுகிறது. ஆனால் மிதி ஒரே சாய்வில் நிற்கும்போது சக்கரம் இரண்டு நிலைகளில் நிற்கக்கூடும்; கம்பி சக்கரத்தின் முன்பாதியில் இருக்கலாம், பின்பாதியில் இருக்கலாம். முதல் நிலையில் மிதித்தால் சக்கரம் முன்னால் போகும். இரண்டாவதில் மிதித்தால் பின்னால் போகும். பாதத்துக்குத் தெரிவது சாய்வு மட்டும்தான். எந்த நிலை என்று அதற்குத் தெரியாது. அதனால்தான் மிதிமெஷினில் பழகியவர்கள் ஒவ்வொரு தொடக்கத்திலும் வலது கையால் கைச்சக்கரத்தை ஒரு தட்டு தட்டித் தங்கள் பக்கமாகச் சுற்றிவிடுவார்கள். பிறகு கால் பார்த்துக்கொள்ளும். மெக்கானிக்கும் அப்படித்தான் தட்டினான். நூறு முறையும் தட்டினான். தட்டுவது அவனுக்கே தெரியாது. கண் சிமிட்டுவது தெரியாததுபோல.

அவள் தட்டுவதில்லை.

சக்கரம் பின்னால் போனால், கொக்கியும் பின்னால் போகும். அதன் முனை வளையத்துக்குள் நுழையாது. முதுகுதான் நூலை இடிக்கும். நூல் பாபினில் தாறுமாறாகச் சுற்றிக்கொள்ளும். மேலே நெம்புகோல் அதைச் சுண்டும்போது அறுந்துபோகும். ஊசி தோலுக்கு வெளியே இருக்கும்போது பின்னால் சுற்றினால் ஒன்றும் ஆகாது. உள்ளே இருக்கும்போது சுற்றினால்தான். அதனால்தான் பாதிக்குப் பாதி இல்லை, பத்தில் மூன்று.

"நீ சக்கரத்தைத் தொடறதே இல்ல" என்றான்.

"இல்ல."

"ஏன்... கையால லேசா ஒரு தட்டு தட்டினா போதுமே. ரெண்டு விரல் மடங்காட்டியும் உள்ளங்கையால..."

"உள்ளங்கையால முடியும்" என்றாள் ஊசி. "விரல் காரணம் இல்ல. கை போகாது. அவ்வளவுதான். சக்கரம், பெல்ட்டு, அந்தப் பக்கம் என் கை போகாது. மூணு வருஷமா எதுலயும் போனதில்ல. ஏன்னு நான் சொல்லணுமா, நீங்க சொல்றீங்களா?"

கட்டை அவிழ்க்க யாரும் வரவில்லை. அவனும் கேட்கவில்லை.

"கவரை நான்தான் கழட்டினேன்" என்றான்.

அத்தை, "என்னடா?" என்றாள்.

"அவ மெஷின்ல பெல்ட்டு வழுக்கிட்டே இருந்துச்சு. நான்தான் கவரைக் கழட்டிப் பெல்ட்டை இறுக்கினேன். அதுக்குள்ள பக்கத்து வரிசையில ஒரு மெஷின் நின்னுபோச்சுன்னு கூப்பிட்டாங்க. வந்து மாட்டிக்கலாம்னு போனேன். கவர் என் டூல்ஸ் பெட்டியிலயே இருந்துச்சு. மாட்டல. மத்தியானம் அவ கை..." அவன் நிறுத்தினான். "மேனேஜர் கேட்டப்ப, மாட்டித்தான் இருந்துச்சு, அவளே கழட்டியிருப்பான்னு எழுதிக் கொடுத்தேன்."

"அடப்பாவி" என்றாள் அம்மா. சமையலறைக்குத் திரும்பிப் போனாள். பாத்திரச் சத்தம் கேட்கவில்லை.

அத்தை சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்ப நான்... சொந்தக்காரங்க ஒருத்தர் விடாம... இவளுக்கு அலட்சியம்னு..."

"ஆமா அத்தை, அழகா சொன்னீங்க" என்றாள் ஊசி. "பொண்ணு பாக்க வந்த ரெண்டு வீட்டுல உங்க வார்த்தையையே திருப்பிக் கேட்டாங்க. 'கவனம் இல்லாத பொண்ணாமே'ன்னு. ஒரு எழுத்துகூட மாறல."

அத்தை பீங்கான் பெட்டியின் மூலையைத் தடவ ஆரம்பித்தாள்.

ஊசி மேசை டிராயரைத் திறந்து ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்துவந்து மெஷின்மேல் வைத்தாள். அவன் கையிலிருந்த முடிச்சை அவிழ்த்தாள். அவிழ்க்கும்போதும் இழுத்துத்தான் அவிழ்த்தாள்.

"கல்யாணப் பரிசு கொடுக்கணும்னா முதல்ல இதைக் கொடுங்க. இப்ப சொன்னதை அப்படியே எழுதுங்க. நாளைக்குக் காலையில மேனேஜர்கிட்ட கொடுத்து, வாங்கிக்கிட்டேன்னு நகல்ல கையெழுத்து வாங்கிட்டு வாங்க. எனக்கு அந்த வேலை திரும்ப வேண்டாம். அந்தக் காகிதத்துல 'கவனக்குறைவு'ன்னு என் பேருக்குப் பக்கத்துல ஒரு வார்த்தை இருக்கு. அது இருக்கக் கூடாது. மெஷின் ரெண்டாவது."

"வேலை போயிடும்டா" என்றாள் அத்தை, இந்தமுறை மெல்ல.

"போகும்" என்றான் அவன். எழுதினான். பெல்ட்டை ஏன் இறுக்க வேண்டியிருந்தது என்பதிலிருந்து தொடங்கி, ஒன்றரைப் பக்கம். அவனுக்குத் தெரிந்த ஒரே எழுத்து அதுதான்: எந்தத் திருகு, எந்த நேரம், யார் கழற்றியது, யார் மாட்டவில்லை.

*

வெள்ளிக்கிழமை காலையில் கொடுத்தான். மேனேஜர் படித்துவிட்டு, "இதை வெச்சுக்கிட்டு நான் என்னப்பா பண்றது?" என்றார். கையெழுத்துப் போட்டார். மத்தியானத்துக்குள் அவனை டூல்ஸ் பெட்டியோடு வாசலுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நேரே அம்மா வீட்டுக்கு வந்தான். நகலை ஊசியிடம் நீட்டினான். அவள் இரண்டு தடவை படித்தாள். மடித்தாள். கல்யாணப் புடவைகள் இருந்த பெட்டியைத் திறந்து அடியில் வைத்தாள்.

இனி மெஷின். இப்போது காரணம் தெரியும், வழி தெரியாது. அவன் கண்டுபிடித்த வழிகளை அவள் ஒவ்வொன்றாகக் கொன்றாள்.

"சக்கரத்துல நீளமா ஒரு கைப்பிடி வெச்சா, தள்ளி இருந்தே..."

"கை போகாதுன்னு சொன்னேன்."

"மோட்டார் எப்பவும் ஒரே பக்கம்தான் சுத்தும். மோட்டார் வெச்சா..."

"தோலுல விழுந்த ஓட்டையை யார் அடைக்கிறது? நீங்களா?"

"இடது கையால, இப்படிக் குறுக்கே நீட்டி..."

"தோலை யார் பிடிக்கிறது? அத்தையா?"

"எனக்கு ஏன்டி வம்பு" என்றாள் அத்தை சோபாவிலிருந்து. நேற்றிலிருந்து அவள் குரல் இறங்கியிருந்தது. ஆனால் நின்றுவிடவில்லை.

அப்போது மாப்பிள்ளை வந்தான். தைத்துப் பார்க்கத் தோல் துண்டுகள் தீர்ந்துவிட்டதென்று ஊசி சொல்லி அனுப்பியிருந்தாள். சைக்கிளை வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்து, துண்டுகள் நிறைந்த பையைத் திண்டில் வைத்தான். நடந்ததெல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. மெக்கானிக்கைப் பார்த்து, வாங்க மச்சான் என்றும் சொல்லவில்லை, தலையும் ஆட்டவில்லை. சைக்கிளை நிறுத்தப்போகும்போது பெடல் சுவரில் இடித்தது. அதைக் காலால் பின்னோக்கித் தள்ளி ஒதுக்கினான். பெடல் பின்னால் சுற்றியது. டிக்டிக்டிக்டிக். சைக்கிள் நகரவில்லை.

மெக்கானிக் எழுந்து வாசலுக்கு வந்தான்.

"இன்னொரு தடவை சுத்துங்க."

"எதை?"

"பெடலை. பின்னால."

மாப்பிள்ளை சுற்றினான். டிக்டிக்டிக். மெக்கானிக் மண்டியிட்டுப் பின்சக்கரத்தின் நடுவில் காதை வைத்துக் கேட்டான். அவன் முகத்தில் முதன்முறையாக ஒரு வெளிச்சம் வந்தது.

"இது எனக்கு வேணும்" என்றான். "சைக்கிள் இல்ல, பின்சக்கரத்துல பல்லோட இருக்கிற இந்த ஃப்ரீவீல் மட்டும். சைக்கிள் கடைக்கு வெள்ளிக்கிழமை லீவு."

மாப்பிள்ளை அவனைப் பார்த்தான். பிறகு ஊசியைப் பார்த்தான். அவள் தோளைக் குலுக்கினாள்.

"கழட்டிக்கங்க" என்றான் மாப்பிள்ளை. "உங்களுக்காக இல்ல."

"நல்லா இருக்குடா நியாயம்!" என்றாள் அத்தை. "மாப்பிள்ளை சைக்கிளைப் பிரிச்சு மாப்பிள்ளை வீட்டுக்கே பரிசா? அவரு கல்யாணத்துக்கு நடந்தா வருவாரு?"

"நடந்தே வர்றேன்" என்றான் மாப்பிள்ளை. "உங்க பெட்டியைத் தூக்கிட்டு வரச் சொல்லாம இருந்தா போதும்."

*

சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு அவள் உட்கார்ந்தாள். வலதுபுறத்தில், சக்கரத்தையும் பெல்ட்டையும் மூடி ஒரு தகரக் கவர் புதிதாக நின்றது. அவள் அதைக் குனிந்து பார்த்தாள். திருகுகள் இல்லை. நாலு மூலையிலும் ஆணி அடித்து முனையைத் தட்டி நசுக்கியிருந்தது.

"கழட்ட வராதா?"

"வராது. கழட்டணும்னா உளி வெச்சு வெட்டணும்."

"பெல்ட்டு தேஞ்சா?"

"வெட்டிட்டு, மாத்திட்டு, திரும்ப ஆணி அடிக்கணும். அரை நாள் வேலை. அவசரத்துல யாராலயும் செய்ய முடியாது."

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. இரண்டு கையாலும் தோலைப் பிடித்தாள். மிதித்தாள். இந்தமுறை மெக்கானிக் வலதுபுறம் நின்றான். அவள் கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனாலும் பார்த்தான். தொடங்கினாள், நிறுத்தினாள், தொடங்கினாள். மிதி அசையவே மறுக்கும் இடங்கள் இரண்டு உண்டு, மிதி உச்சியிலும் அடியிலும் நிற்கும்போது. அங்கே நிற்காமல் பார்த்துக்கொள்ள அவள் கால் இந்த நாலு நாளில் பழகியிருந்தது. சில முறை கவருக்குள்ளிருந்து டிக்டிக் என்று சின்னச் சத்தம் வந்தது; மெஷினின் ஊசி அசையவில்லை; அவள் பாதத்தை மாற்றி அழுத்தினாள், ஓடியது. அம்மா வாசலில் நின்று வாய்க்குள் எண்ணினாள். அத்தை சத்தமாக எண்ணினாள். அறுபதில் அத்தை நிறுத்தி, "என் தட்டு எண்ணிக்கை வந்துடுச்சு, போதும்டி" என்றாள்.

நூல் அறவில்லை.

ஊசி எழுந்து, தைத்த தோலைத் திருப்பி அடித்தையலை வெளிச்சத்தில் பார்த்தாள். குறை சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிறவளின் பார்வை அது. வெகுநேரம் தேடினாள்.

"நாளைக்குப் பத்து மணிக்கு வேன் வரும்" என்றாள் கடைசியில், அவனைப் பார்க்காமல். "இது ஆடும். பின்னால உக்காந்து பிடிச்சுக்க ஆள் வேணும். நீங்க பிடிச்சுக்கங்க. முன்சீட்டு அத்தைக்கு."

'சார்' இல்லை. 'அண்ணா'வும் இல்லை.

"சரி" என்றான்.

வெள்ளிக்கிழமை ராத்திரி அவன் செய்தது இவ்வளவுதான். மெஷினின் கைச்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் சைக்கிளின் ஃப்ரீவீலைப் பொருத்தினான். சைக்கிள் முன்னால் சுற்றும் திசையும் மெஷின் சுற்றும் திசையும் எதிரெதிர் என்பதால், அதைத் திருப்பி, வெளிமுகம் உள்ளே இருக்கும்படி மாட்டினான். அதன் பற்களுக்குமேல் பள்ளம் வெட்டிய வளையத்தை இறுக்கிப் பெல்ட்டை அதில் போட்டான். கால் முன்னால் சுற்றினால், உள்ளே இருக்கும் இரண்டு சின்ன நாக்குகள் பல்லைக் கவ்விப் பிடித்து மெஷினைச் சுற்றும். கால் பின்னால் சுற்றினால், நாக்குகள் பற்களின்மேல் வழுக்கி டிக்டிக் என்று ஓசை மட்டும் எழுப்பும். மெஷின் அசையாது, கொக்கி அசையாது, நூல் அறாது. கையால் சக்கரத்தைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.